வெறுங்களி

பிப்ரவரி 3, 1984. வெள்ளி

காலையில் கடும் பனி. விரல் விறைத்து மசிக்கோடு நடுங்கியது. சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன்.

வத்தல்மலை அளவைக்கு ஆள் போட்டாயிற்று. சங்கிலி பிடிக்க மாதையன் (இனி மா.). அளக்க நான். கேட்டு வாங்கியது. இத்தனை வருடமாக மற்றவர்கள் அளந்து வந்த மலையைத் தருமபுரி ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து வரைகிறேன். ஏறியதே இல்லை. காரணம் சாப்பாடு.

அதிகாரி கூப்பிட்டார். “மேல ஓட்டல் கெடயாதுப்பா. அவங்க வூட்டுல என்ன ஆக்கறாங்களோ அதான். பெரும்பாலும் ராகிக் களி. போன தடவ வேற மலை கேம்ப்ல பாதியில எறங்கி வந்த மாதிரி வந்துடாத. முடியலன்னா சொல்லி அனுப்பு, வேற ஆள அனுப்பறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் குத்தியது.

நான் சாப்பிடுபவை: ஆறிய வெறும் சோறு. தயிர், தனிக் கிண்ணத்தில். பொட்டுக்கடலை. கறுப்பு விழாத வாழைப்பழம். அரோரூட் பிஸ்கட். அவ்வளவுதான். வயது முப்பத்து மூன்று.

பிடிவாதம் என்கிறார் அண்ணன். டாக்டரும் அதையே சொன்னார். பிடிவாதமாக இருந்தால் விட்டுவிடலாமே. சோற்றில் குழம்பு பட்டாலே தொண்டை மூடிக்கொள்கிறது. நான் மூடுவதில்லை. பஸ் ஹாரனுக்குக் கை தானாகக் காதைப் பொத்துகிறதே, அது போல.

பிப். 5. ஞாயிறு

பல்பொடி வாங்க மறந்தேன்.

அண்ணியிடம் களி கேட்டேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு கிளறினார். பக்கத்தில் கீரைக் கடைசல். தொட்டு ஒரு வாய். வழவழப்புக்கு நடுவே அரிசி நொய் பல்லில் நறநறத்தது. கொல்லைக்கு ஓடினேன். எல்லாம் வெளியே.

அண்ணன்: “சின்னப் புள்ளயாடா நீ?”

அண்ணி: “அவர உடுங்க.” தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “எது ஒத்துக்கல தம்பி? களியா, கீரையா?”

யாரும் இப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. இரண்டும் ஒன்றாகத்தானே உள்ளே போயின.

பிப். 7. செவ்வாய்

மலைக்குப் புதுச் சட்டை. காலரில் தைத்திருந்த சீட்டை பிளேடால் பிரித்தெடுத்தேன். கழுத்து நிம்மதி.

இன்று களி மட்டும். கீரை கண்ணில் படாத இடத்தில். முதலில் பார்த்தேன். முகர்ந்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், சூடு தணியும்வரை. அண்ணி அவசரப்படுத்தவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“மெல்லாதீங்க தம்பி. களிய யாராச்சும் மெல்லுவாங்களா? உருட்டி அப்படியே முழுங்கணும்.”

பட்டாணி அளவு. விழுங்கினேன். போய்விட்டது!

மென்றால்தான் நொய் தெரியும். விழுங்கினால் உருண்டை வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படியே. நடுவில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. பிடிக்காதது கீரை. களி இல்லை.

“கொஞ்சம் நெய் உடட்டுங்களா?”

“வேணாங்க அண்ணி. இது மட்டும்.”

பிப். 10. வெள்ளி

நெல்லிக்காய் அளவு. பல தடவை. வயிறு கனமாக, நன்றாக இருந்தது. ஆபீசில் பசிக்கவே இல்லை.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றேன். “நான் எதுக்குச் சொல்றேன்” என்றார் அண்ணி. சொல்லிவிட்டார் போல. மாலையில் அண்ணன் புது டார்ச் லைட் ஒன்றை என் பை மேல் வைத்துவிட்டுப் போனார்.

பிப். 13. திங்கள். வத்தல்மலை

மூச்சு வாங்க ஏற்றம். தாளில் நான் போட்ட நீலக் கோடு இங்கே ஓடை. காலை விட்டேன். எலும்பு வரை குளிர். சிரித்துவிட்டேன். “என்னங்க சார்?” என்றார் மா. ஒன்றுமில்லை என்றேன்.

தங்குவது வெள்ளையம்மா வீட்டில். அவரும் புருஷனும் மட்டும். கடுகு, சாமை விளைகிறது. இரவு களி போட்டார். பயமில்லாமல் உட்கார்ந்தேன். களி நடுவே விரலால் குழி பறித்து, அதில் அவரைக் குழம்பை ஊற்றிவிட்டார்.

தொண்டை மூடிவிட்டது. பையில் பிஸ்கட் இருக்கிறது, எழுந்து போய்விடலாம். போன கேம்ப்பில் அப்படித்தான் எழுந்தேன். சமையலை நான் பழித்ததாக அந்த வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

இம்முறை சொன்னேன். குரல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. “அம்மா, தப்பா நெனைக்காதீங்க. கொழம்பு பட்டா எனக்கு எறங்காதுங்க. வெறுங்களி போடுங்க.”

எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

“வெறுங்களியா? அது எப்படிங்க தொண்டைல எறங்கும்?”

“எனக்கு அதுதாங்க எறங்கும்.”

வெள்ளையம்மா சிரித்தார். கேலி இல்லை. என் தட்டைப் புருஷன் பக்கம் தள்ளிவிட்டு, வேறு தட்டில் புது உருண்டை வைத்தார். முழுவதும் சாப்பிட்டேன். முழுவதும்!

படுத்தபிறகு தூக்கம் வரவில்லை. களியால் இல்லை. வாயைத் திறந்து சொன்னதால்.

பிப். 15. புதன்

மேற்கு எல்லை முடிந்தது. முள் கிழித்தது, பரவாயில்லை.

வேகவைத்த மொச்சை கொடுத்தார்கள். தோல் நாக்கில் ஒட்டியது. முடியவில்லை. “இது ஆவலீங்க” என்றேன். “உடுங்க, மாடு திங்கும்” என்றார் வெள்ளையம்மா. அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருடம் இதற்குத்தான் பயந்தேனா.

இரவு நானாக, யாரும் சொல்லாமல், குழம்புக் கிண்ணத்தில் உருண்டையின் ஓரத்தை மட்டும் தொட்டேன். புளிப்பு. உப்பு. தொண்டை யோசித்தது. மூடவில்லை.

நாளையும் தொடுவேனா, தெரியாது. இன்று தொட்டேன்.

பிப். 18. சனி

காற்று பலம். குறி பார்க்க நடும் கொடிக்கம்பு நிற்கவில்லை. மா. கீழே போய் மண்ணெண்ணெய், தீப்பெட்டி வாங்கி மாலையில் திரும்பினார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது உருண்டை. நானே கேட்டு வாங்கியது.

“சார், ஆபீஸ் அய்யா கேட்டு உட்டிருக்காருங்க. உங்களுக்கு முடியலன்னா திங்கக்கெழமயே வேற ஆள அனுப்பறாராம். என்னன்னு சொல்றதுங்க?”

வாயில் இருந்ததை விழுங்கினேன்.

“தெக்குப் பக்கம் இன்னும் பாக்கி இருக்குது, முடிச்சிட்டுத்தான் எறங்குவேன்னு சொல்லிடுங்க.”