மருதனார்மடம் சந்தியிலை கட்டின படம்

மானிப்பாய்
சனிக்கிழமை, விடிய 6.05

அன்பு மகள் ஷெரோனுக்கு,

நீ செத்துப்போனாயெண்ட செய்தி எனக்கு வந்தது நேற்று வெள்ளிக்கிழமை விடிய 5.42க்கு. நீ சுகமா இருக்கிறாயெண்டு தெரிஞ்சது 9.04க்கு. அதாலை இந்தமுறை உன்ரை சுகத்தை விசாரிச்சு எழுதேல்லை. இருக்கிறாய், கர்த்தருக்குத் தோத்திரம். நானும் இருக்கிறன். கடிதம் எழுதிறது அம்மான்ரை வேலை, நான் அடியிலை கையெழுத்து மட்டும் வைக்கிறவன், அவ கர்த்தரிட்டைப் போய்ப் பத்து மாதமா இந்த வீட்டிலையிருந்து உனக்கு ஒருத்தரும் எழுதேல்லை. இப்ப நான் எழுதிறன், ஏனெண்டால் நேற்று நீ எடுத்து, அப்பா, ஏன் பதினேழு மிஸ்ட் கோல் எண்டு கேக்க ஒரு சொல்லும் கதையாமல் கட் பண்ணிப்போட்டன். அதுக்குக் காரணம் சொல்லவேணும், போனிலை எனக்கு வராது.

5.42க்கு எடுத்தது கனடாவிலை இருக்கிற சிசிலியா மாமி. ஒரே அழுகை. எங்கடை ஷெரோன் போட்டாளாமேடா, கூடப்பிறந்தவளுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் சந்தியிலை படம் கட்டிப்போட்டியே எண்டு கத்துறா. ஆரோ ஃபேஸ்புக்கிலை போட்ட படத்தைப் பார்த்தவவாம். புத்தியுள்ளவன் எண்டால் என்ன யோசிக்கவேணும்? பிள்ளை செத்தால் தகப்பனுக்குத்தானே முதல் சொல்லுவினம் எண்டு யோசிக்கவேணும். நான் யோசிக்கேல்லை. எங்கடை ஆக்களின்ரை செய்தி டொரண்டோவுக்குப் போய்த்தானே மானிப்பாய்க்கு வாறது, இதுவும் அப்பிடி வந்திருக்கு எண்டு நம்பிப்போட்டன். உனக்கு அடிச்சன், மணி போகுது, நீ எடுக்கேல்லை. திரும்ப அடிச்சன், எடுக்கேல்லை. குடாநாடு முழுக்க டவரிலை ஏறி மற்றவையின்ரை போனுக்கு சிக்னல் குடுக்கிறவன், அடிலெய்ட்டிலை இருக்கிற என்ரை பிள்ளையைப் பிடிக்கேலாமல் குசினிக்குள்ளை நிண்டன்.

பிறகு மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடம் சந்திக்குப் போனன். ஓம், கட்டித்தான் இருந்தது. பன்னிரண்டடி உயரத்திலை உன்ரை முகம், ரெண்டு பின்னல், வெள்ளைச் சட்டை, ரெண்டு பக்கமும் மெழுகுதிரி, சுத்திவர ரோசாப்பூ. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி இறக்கின ஓட்டோக்காரர் சந்தியோகு அண்ணை ஒரு மாலையும் வாங்கிக் கொழுவியிருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தன், பின்னலிலை றிபன் கறுப்பு. உங்கடை காலத்திலை நீலம். அது நீயில்லை, உன்ரை அம்மா. நான் குடுத்த படம்தான். மேர்சி ரீச்சரின்ரை பேரிலை ஒரு பரிசு வைக்கப்போறம், ஊருக்கு உதவி செய்த பிள்ளையளுக்கு, வெள்ளிக்கிழமை பரிசளிப்பு விழாவிலை குடுப்பம் எண்டு போன மாதம் அம்மா படிப்பிச்ச பள்ளிக்கூடத்து அதிபர் படம் கேட்டவர். வீட்டிலை இருக்கிற படமெல்லாம் நான் எடுத்தது, எல்லாத்திலும் அவ என்னைத்தான் பாக்கிறா, அதுகளைத் திறக்க எனக்கு ஏலாது. பதினெட்டு வயதிலை அவ அதே பள்ளிக்கூடத்திலை பரிசு வாங்கேக்கை வேறை ஆரோ எடுத்த படம் ஒண்டு கிடந்தது, அதைக் குடுத்தன். குடுக்கிறவன், இது பழைய படம், மகளின்ரை முகமும் இதுதான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லவேணுமோ இல்லையோ? சொல்லேல்லை. பழைய மாணவர் சங்கம் பெரிசா அடிச்சுக் கட்டிச்சுது, பேரும் திகதியும் கீழை. அடுத்த நாள் சோதினையிலை மூண்டு ஏ எடுத்த பிள்ளையளைப் பாராட்டி இன்னொரு பதாகை வந்திது, கட்ட வேறை கம்பம் இல்லையாம், அம்மான்ரை பேருக்கு மேலாலை கட்டிப்போட்டாங்கள். செத்த ஆக்களுக்கும் பாஸ் பண்ணின ஆக்களுக்கும் இந்த ஊரிலை ஒரே கடை, ஒரே ரோசாப்பூ, ஒரே கம்பம். விசரங்கள்.

வீட்டை வந்தால் முத்தத்திலை கதிரை இறக்கிறாங்கள். சந்தியோகு அண்ணை ஆரோடையோ சொல்லி ஐம்பது கதிரை கொண்டந்திட்டார். பக்கத்து வீட்டு இரத்தினம்மா அக்கா, செத்த வீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாதெண்டு பெரிய பிளாஸ்கிலை தேத்தண்ணியோடை கேற்றடியிலை நிண்டு, உனக்கு நாப்பத்தொரு வயதுக்கிடையிலை ரெண்டு சாவோ தம்பி எண்டு ஒப்பாரி. அக்கா, அது மேர்சியின்ரை படம், ஷெரோன் இருக்கிறாள் எண்டு சொன்னால், அதிர்ச்சியிலை புசத்துறான் எண்டு மற்றவைக்குச் சொல்லுறா. ஒன்பது மணிக்கிடையிலை அறுபத்திமூண்டு கோல், எல்லாருக்கும் ஒரே பதில், இல்லை, மகள் உயிரோடை இருக்கிறாள். பத்து மாதத்துக்கு முந்தி இதே ஆக்களுக்கு இதே போனிலை, ஓம், மனிசி போட்டா எண்டு சொன்னனான். அப்ப எனக்கு ஒண்டும் வரேல்லை, மீற்றர் வாசிக்கிற மாதிரி வாசிச்சனான். நேற்று நாப்பதாவது கோலுக்குப் பிறகு, இல்லை எண்ட சொல்லையே ரெண்டுதரம் சொல்லவேண்டி வந்திது. படத்தின்ரை பிழை எனக்கு விளங்கிப்போச்சு, சரி. ஆனா நீ இன்னும் எடுக்கேல்லையே. உயிரோடை இருக்கிறாள் எண்டு ஊருக்குச் சொல்லுறன், எனக்கு ஆர் சொல்லுறது?

9.04க்கு நீ எடுத்தாய். ஆஸ்பத்திரி வாட்டிலை பயிற்சியாம், போன் லொக்கருக்குள்ளையாம். நல்ல சந்தோசம். அப்பா எண்டு நீ ரெண்டாந்தரம் கூப்பிடேக்கை கட் பண்ணினன். நான் அழுது நீ கேக்கக்கூடாது, அவ்வளவுதான் காரணம்.

நிமிர்ந்து பார்த்தால் கேற்றடியிலை பதினாலு சைக்கிள். அம்மான்ரை சனிக்கிழமைப் பிள்ளையள், உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக் கிளினிக்கிலை எழுத வாசிக்கத் தெரியாத கிழடுகளுக்குப் படிவம் நிரப்பி, வரிசையிலை நிண்டு, நோயாளியளின்ரை வண்டில் தள்ளுறதுக்கு அவ கூட்டிக்கொண்டு போறதுகள். அவ போனபிறகு ஒருத்தரும் சொல்லாமலே அதுகளாப் போகுதுகள், ஒரு சனியும் விடேல்லை. ஷெரோன் அக்காவுக்கு எண்டு தொடங்கி அதுகளிலை ஒருத்தி, தனுஷிகா, அழுகிறாள். விசயத்தைச் சொன்னன். ஐயோ சேர், மூண்டு ஏ பதாகையிலை நான்தானே நடுவிலை, என்ரை மூஞ்சையே ரீச்சரின்ரை பேரை மறைச்சது எண்டு கேட்டாள். பிறகு சிரிப்பு வந்திட்டுது அவளுக்கு. அழுகையும் சிரிப்புமா, எங்களைப் பாராட்டினது காணும் எண்டு சொல்லி ரெண்டு பேரை அனுப்பித் தங்கடை பதாகையைக் கழட்டுவிச்சாள். இறக்கின கதிரையை ஆக்கள் இருக்காமல் ஏத்தக்கூடாதாம், சந்தியோகு அண்ணையின்ரை புதுச் சட்டம், அதாலை பதினாலு பேரும் இருந்து செத்த வீட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சுதுகள்.

பரிசைக் குடும்பத்து ஆள்தான் மேடையிலை ஏறிக் குடுக்கவேணும், அது இங்கத்தை முறை. ஏலாதெண்டு அதிபருக்கு மூண்டுதரம் சொல்லியிருந்தனான். தனுஷிகா கெஞ்சேல்லை, சேர், ரெண்டு மணிக்குத் தொடங்கும், வேறை சேட் போட்டுக்கொண்டு வாங்கோ எண்டாள், அம்மா சொல்லுற மாதிரியே. போனன். அவளின்ரை பேரைத்தான் வாசிச்சினம், ஏறினது பதினாலு பேர். இருந்தது ஒரு கேடயம். ஒருத்தியிட்டைக் குடுத்து, வாங்கி, அடுத்தவனிட்டைக் குடுத்து, வாங்கி, பதினாலுதரம். கடைசியா நிண்டவன், சேர், நீங்களும் ஒருக்காப் பிடியுங்கோ எண்டு என்ரை கையிலை தந்திட்டான். சபை கை தட்டுது. விழா பிந்துது எண்டு அதிபர் மணிக்கூட்டைப் பாக்கிறார். பாக்கட்டும்.

இனி நான் சொல்லுறதைக் கேள். லொக்கருக்குள்ளை போனை வைக்கமுதல், உள்ளை போறன் எண்டு ரெண்டு சொல்லு அனுப்பு, அதுக்கு என்ன மினக்கேடு? சிசிலியா மாமிக்கு நீயே எடு, நான் சொல்லி அவ இன்னும் முழுசா நம்பேல்லை. பாணைக் கடிச்சுப்போட்டு வாட்டிலை நிக்காமல் சோறு சமைச்சுச் சாப்பிடு. என்ரை போன் நிண்டிருந்தால் நீயும் ஊரைக் கூட்டாதை. கர்த்தர் உன்ரை போக்கையும் வரத்தையும் காப்பார், அம்மான்ரை செபமும் உன்னோடை இருக்கும்.

இந்தமுறை முழுக்கத் தானே எழுதின
அப்பா
எமில்ராஜ்

பி.கு. கேற்றடியிலை சைக்கிள் மணி கேக்குது. வண்டிலொண்டின்ரை சில்லு இறுகிப்போச்சாம், ஸ்பானர்ச் சாவிப் பெட்டியோடை வாங்கோ எண்டு நேற்றே தனுஷிகா சொல்லிப்போட்டாள். ஆஸ்பத்திரி வாசலிலை போனை நிப்பாட்டிப்போட்டுத்தான் உள்ளை போகவேணும், அது ரீச்சரின்ரை சட்டமாம், எனக்கும்தானாம். அம்மா வாட்டிலை படுத்த நாளிலையிருந்து ஒரு நிமிசமும் நிப்பாட்டாத போன். வாசல் வரைக்கும் ஏன், இப்பவே நிப்பாட்டிப்போட்டன்.