மூன்றாம் வரிசை, பதினொன்றாம் இருக்கை

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்
செவ்வாய்க்கிழமை காலை

நிரஞ்சனாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. போன சனிக்கிழமை உன் நாடகத்தின்போது மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்த திரையில் உன் முகத்தைப் பார்த்தேன், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய், உடம்புக்கு முடியாதவள் அப்படிச் சிரிக்கமாட்டாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு மஞ்சள் முகத்தை அனுப்பிப் பேச்சை முடித்துவிடுவாய், தபாலில் போட்டால் வருகிற சனிக்கிழமைக்குள் பிரிஸ்டலுக்கு வந்து சேராது, அதனால் தாளில் எழுதுகிறேன், அப்பா படமெடுத்து அனுப்புவார். எல்லாப் பக்கத்தையும் படி. முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் போன் செய்து அம்மா கோபமா என்று விசாரிக்காதே, கோபம்தான்.

அப்பாவின் முட்டி வலி இன்னும் போகவில்லை, ஃபேரர் பார்க் பிசியோதெரபி மையத்தில் உன் தோழி வைஷாலி சொல்லிக்கொடுத்த பயிற்சியால் கொஞ்சம் குறைந்திருந்தது, இந்த வாரம் அவளை எந்த முகத்தோடு பார்ப்பது என்று போகாமல் விட்டுவிட்டார். நம் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கியை மாற்றுகிறார்கள், ஒன்றுதான் ஓடுகிறது, அதனால் படியில் ஏறி இறங்கி வலி அதிகமாகிவிட்டது. வைஷாலி உனக்குப் பதில் எழுதவில்லை என்பது தெரியும், வரும் சனிக்கிழமை இரண்டாவது காட்சிக்கு அவள் வருவதாக இல்லை என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். உனக்குத் தெரியாதது, நம் நாடக மன்றத்தின் செயற்குழு நேற்று எல்லாருக்கும் அனுப்பிய கடிதம். மேல்தளப் பார்வையாளர்களின் ஒழுங்கீனத்தால் முதல் காட்சி கெட்டது, ஆகவே சனிக்கிழமை பால்கனி மூடப்படும், அங்கே உட்காரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இலவச அனுமதி கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒழுங்கீனத்தைத் தொடங்கியது பால்கனி அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் நாடகத்தைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். உன் ஆராய்ச்சியின் இரண்டாம் அத்தியாயத்தை நீ அனுப்பிய அன்றே படித்தேன், அடிக்குறிப்புகளையும் சேர்த்து இரண்டு முறை. நானும் மூன்று வருடம் சரித்திரம் படித்தவள்தான், பிறகு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போய்விட்டதால் படித்தது மறந்துவிடாது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் லண்டனில் அந்த பேலட் ஓபராக்களை எப்படிக் கட்டினார்கள் என்று தெளிவாக எழுதியிருந்தாய். பேச்சு நாடகம், நடுநடுவே பாட்டு, பாட்டின் மெட்டு தெருவில் எல்லாருக்கும் தெரிந்தது, சொற்கள் மட்டும் புதிது, பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்பவை. பணக்காரர்கள் வேலைக்காரனை முன்கூட்டியே அனுப்பி இடம் பிடித்துவைப்பார்கள் என்பதை எடுத்துக்கொண்டு நம் ஊர் உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடிக்கும் வழக்கத்தோடு சேர்த்தாயே, அது நன்றாகவே இருந்தது. மேசையில் தொடங்கி, பேருந்து இருக்கை, கோவில் தூண் ஓரம், கடைசியில் மகளுக்கு மாப்பிள்ளை வரைக்கும் டிஷ்யூ வைத்துப் பிடிக்கும் ஓர் ஆன்ட்டி, தேக்கா சந்தையில் அந்த டிஷ்யூக்களைத் திருடும் ஒரு பெண். முதல் அரை மணி நேரம் நானே சிரித்தேன். அப்பாவும் அன்றைக்கு எங்கள் இரண்டு இருக்கையிலும் டிஷ்யூ வைத்துவிட்டுத்தான் காப்பி வாங்கப் போயிருந்தார், அதனால் அவர் கொஞ்சம் மெதுவாகச் சிரித்தார்.

ஆனால் நீ அதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு துண்டுத்தாளும் ஒரு மாண்டரின் ஆரஞ்சும் வைக்கச் சொன்னாய். சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு எல்லார் வீட்டிலும் மிஞ்சிக் கிடந்த பழம், பிள்ளைகள்கூடச் சீந்தாத பழம். பிடித்திருந்தால் கூடப் பாடுங்கள், பிடிக்காவிட்டால் சீறுங்கள், தோலை எறியலாம், பழத்தை எறியக்கூடாது, அந்தக் காலத்தில் ரசிகர்களுக்குக் கோபம் வந்தால் நடிகர்கள் மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பார்கள் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தாய். நம் ஊர்க்காரர்களைப் பற்றி நீ மறந்துவிட்டாய். இங்கே தாளில் அச்சடித்து ஒன்றைச் செய்யலாம் என்று சொன்னால் அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

மூன்றாவது பாட்டு வந்தது. ஆன்ட்டி வேடத்தில் வைஷாலி, மகளை விமானநிலையத்தில் வழியனுப்பும் காட்சி, மெட்டு கல்யாண வீட்டு ஊஞ்சல் மெட்டு. கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியில் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள், அது என் வழக்கம், ஆன்ட்டி நான்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு பல்லவி. “போ, போயி என்னத்தக் கிழிக்கிறேன்னு பார்க்கலாம்.” நீ இங்கிலாந்துக்குக் கிளம்பிய அன்று சாங்கி விமானநிலையத்தில் நான் உன்னிடம் சொன்ன வாக்கியம், ஒரு சொல் மாறவில்லை. அன்றைக்கு அதைக் கேட்டவர்கள் மூன்று பேர், நீ, அப்பா, உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த வைஷாலி. ஊஞ்சல் மெட்டு தெரியாத தமிழர் அந்த அரங்கத்தில் யார் இருந்தார்கள்? இரண்டாம் முறை வந்தபோது கீழே பாதிப் பேர் சேர்ந்துகொண்டார்கள், மூன்றாம் முறை பால்கனியும் சேர்ந்து கைதட்டிப் பாடியது. என் வாயிலிருந்து ஒரே ஒரு முறை வந்த வாக்கியத்தை இருநூறு பேர் தாளம் தட்டிப் பாடினார்கள். தெரிந்த மெட்டு எதற்கு என்று உன் அத்தியாயத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், எனக்கு மூன்று நிமிடத்தில் புரிந்துவிட்டது.

நான் சீறினேன். ஆமாம், நான்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நீளமாக ஒரு ‘ஸ்ஸ்ஸ்’. கூட்டத்தில் தும்முவதற்குக்கூடக் கைக்குட்டை தேடுகிறவள், எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பாட்டின் இடைவெளியில் அது நன்றாகக் கேட்டது. இதுவும் நாடகத்தில் சேர்த்தி என்று நினைத்து முன்வரிசைகள் சீறின, பின்வரிசை விசிலடித்தது, அதற்குப் பிறகுதான், தெளிவாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகுதான் பால்கனியிலிருந்து முதல் தோல் விழுந்தது. பிறகு மழை. ஒன்று வைஷாலியின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. யாரோ ஒருவர், கீழே உட்கார்ந்திருந்தவர், நல்ல சட்டை போட்டவர், “மண்டி போட்டு மன்னிப்புக் கேளு லா” என்று கத்தினார், எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் மண்டியிட்டாள். வேடத்துக் குரலில் இல்லை, அவள் சொந்தக் குரலில், நேராக என்னைப் பார்த்து, “சாரி ஆன்ட்டி, மன்னிச்சிடுங்க” என்றாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நிமிர்ந்து பார்த்தேன், திரையில் நீயும் கைதட்டிக்கொண்டிருந்தாய். அவள் உள்ளே போனவள் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டாள், மீதிப் பாட்டுகளை இயக்குநர் வெங்கட் தாளைப் பார்த்துப் படித்தான்.

முடிந்ததும் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் நாலு பேர் மேலேயிருந்து இறங்கி வந்து, யாரும் சொல்லாமலே துடைப்பம் தேடி எடுத்துத் தோலைக் கூட்டினார்கள். அவர்களில் மாணிக்கம் என்பவர் என்னிடம், “பட்டறைல ஒரு போல்ட்டைத் தூக்கிப் போட்டாலும் ரிப்போர்ட் எழுதிருவாங்கம்மா. இங்க எறியுங்கன்னு பேப்பர்லயே போட்டிருந்துச்சா, ஆசையா எறிஞ்சிட்டோம். அந்தப் பொண்ணு நெசமாவே அழுவுதுன்னு பொறவுதான் தெரிஞ்சுது” என்றார். பிறகு, “கீழ யாரோதான் மொதல்ல ஆரம்பிச்சாங்க, நீங்க பாத்தீங்களாம்மா” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். என் வயதுக்கு, என் படிப்புக்கு, அதைத்தான் சொன்னேன். எம்ஆர்டி ரயிலில் வரும்போது ரெட்ஹில் நிலையத்தில் அப்பா என் காதருகில், “நீதானே ஆரம்பிச்ச, வசந்தா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது உன் கணக்கு. அந்த ரசிகர்களைப் பற்றி நீ ஏதோ விடுதலைப் போர் மாதிரி எழுதுகிறாய், ஏழையும் சீறலாம், வேலைக்காரனும் தீர்ப்புச் சொல்லலாம் என்று. நாற்பத்தொன்றாவது அடிக்குறிப்பில் என்ன எழுதியிருக்கிறாய் என்று நினைவிருக்கிறதா? கூட்டம் ஏறி வந்துவிடக்கூடாது என்று மேடை விளிம்பில் வரிசையாக இரும்பு முட்கள் அடித்திருந்தார்கள். அது ஏன் அடிக்குறிப்பில் போனது, ஏன் துண்டுத்தாளில் வரவில்லை? அந்த நடிகர்களுக்குத் தொழில் அது, எதிரே முள்ளாவது இருந்தது. வைஷாலி பகலெல்லாம் முட்டி பிடித்துவிடுகிற பெண், பள்ளி நாளிலிருந்து உன் அறையில் உட்கார்ந்து பாடிய பெண், வாழ்க்கையில் முதல் முறை மேடை ஏறினாள், அவளுக்கு முன்னால் என்ன வைத்தாய்? உனக்கு முன்னால் பதினோராயிரம் கிலோமீட்டர் வைத்துக்கொண்டாய். வேலைக்காரர்களுக்கு இலவசமாக விட்ட மாடத்தை முதலாளி ஒருநாள் மூடினான், அவர்கள் கதவை உடைத்தார்கள் என்று அதே அத்தியாயத்தில் இருக்கிறது, உனக்குப் பிடித்த பகுதி. இங்கே மூடினால் மாணிக்கம் கதவை உடைக்கமாட்டார், உடைத்தால் அவருடைய வேலை பெர்மிட் பறிபோய்விடும். துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்.

நேற்று மாலையே செயற்குழுவுக்கு எழுதினேன். முதலில் சீறியது நான், மூன்றாம் வரிசை பதினொன்றாம் இருக்கை, பால்கனியைத் திறந்துவிடுங்கள் என்று. வெங்கட் போன் செய்து சிரித்தான். “அக்கா, நீங்க கைதட்டவே ரெண்டு தடவை யோசிப்பீங்க. அவங்களக் காப்பாத்தப் பெரிய மனசு பண்றீங்க, புரியுது. ஆனா கமிட்டி நம்பாது லா” என்றான். இருபது வருடமாக அந்த மன்றத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததற்கு எனக்கு மரியாதை கிடைத்திருக்கிறது, அந்த மரியாதைக்குப் பால்கனிக்காரர்கள் அறுபது பேர் வெளியே நிற்கப்போகிறார்கள்.

இன்று காலை மையம் திறக்கும் நேரத்தில் போய் வைஷாலியைப் பார்த்தேன். நான்தான் சீறினேன் என்றேன். “தெரியும் ஆன்ட்டி, உங்களத்தானே பாத்துட்டு இருந்தேன்” என்றாள். அந்த வரியை மாற்றச் சொல்லி உன்னிடம் இரண்டு முறை கேட்டாளாமே. அதுதான் பெஸ்ட் லைன், அம்மாவுக்கு ஹியூமர் உண்டு, சிரிப்பாங்க என்று சொன்னாயாம். நான் சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை என்றும் சொல்லமாட்டேன், சொன்னேன், பொய்யாக இருந்திருந்தால் சீறியிருக்கமாட்டேன். ஆனால் அதை என்னிடம் கேட்டிருக்க வேண்டியவள் நீ, ஊஞ்சல் மெட்டு அல்ல. சனிக்கிழமை வருவாயா என்று அவளைக் கேட்டேன், அப்பாவின் பயிற்சித் தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். பிறகு, “பால்கனி தொறந்தா வர்றேன். அதே பாட்டத்தான் பாடுவேன். நீங்களும் வாங்க, புடிக்கலைன்னா மறுபடியும் கத்துங்க. ஆனா எந்திரிச்சு, பேரச் சொல்லிட்டுக் கத்துங்க ஆன்ட்டி” என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆக மிச்சம் உன் கையில். உன் ஆராய்ச்சிக்காக அரங்கத்தைப் படம்பிடித்த பதிவு உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. முப்பத்தெட்டாவது நிமிடம் போல இருக்கும், என் முகம் தெரியும், வாய் எப்படி இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். அந்தப் பத்து நொடியை வெட்டி இன்றைக்கே செயற்குழுவுக்கு அனுப்பு. வைஷாலி மண்டியிடும் இருபது நொடியை இன்ஸ்டாகிராமில் போட்டு, அச்சு அசல் பதினெட்டாம் நூற்றாண்டு என்று எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னுடையதைப் போடு. அதுதான் அசல். உன் திரையை ஓரத்திலிருந்து எடுத்து மேடைக்கு முன்னால், தோல் வந்து விழும் தூரத்தில் வைக்கச் சொல்லி வெங்கட்டிடம் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று கேட்டான், காரணம் சொல்லவில்லை.

குளிர் இன்னும் போகவில்லை என்று அப்பா செய்தியில் பார்த்தாராம், ஈரக் கோட்டை அப்படியே மாட்டிக்கொண்டு போகாதே, இரவில் ரொட்டியை மட்டும் கடித்துவிட்டுப் படுக்காதே, அரிசி தீர்ந்தால் சொல். உடம்போடும் நிதானத்தோடும் இரு. நீ எடுத்த படிப்பு நல்லபடி முடியட்டும், என்னத்தக் கிழிக்கிறாய் என்று பார்க்கத்தான் நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். பத்து நொடி, இன்றைக்கே, மறக்காதே.

இப்படிக்கு உன் அம்மா,
வசந்தகுமாரி தனசேகரன்
மூன்றாம் வரிசை, பதினொன்றாம் இருக்கை