ஏழாவது சொல்

மார்ச் 8, ஞாயிறு.

காலையில் அமிர்தியிலிருந்து அக்கா வந்தாள். ஷூ கம்பெனியில் அவள் ஆறு வருடம் சேர்த்ததைக் கிரிப்டோவாக்கி, பென் டிரைவ் அளவுள்ள ஹார்டுவேர் வாலெட்டில் பூட்டிக் கொடுத்தவன் நான்தான். இப்போது சந்தவாசலில் மனை பேசியிருக்கிறாள். நேற்று பின் நம்பரை மூன்று முறை தவறாக அழுத்தியதில், கருவி தனக்குள் இருந்ததையெல்லாம் அழித்துக்கொண்டது.

"அதனால இன்னா? இருபத்துநாலு வார்த்தையப் போட்டா எல்லாம் திரும்ப வந்துடும்னியே. பேப்பர எட்றா."

எடுத்தேன். கருவி தந்தவை ஆங்கிலச் சொற்கள். திருடன் கையில் கிடைத்தாலும் புரியக்கூடாது என்று தமிழாக்கி எழுதிக்கொண்டு, மூலத்தை அடுப்பில் போட்டிருந்தேன்.

"இன்னாடா இது, உன் கவிதையா? வார்த்தை எங்க?"

"இதான்க்கா."

குடை, தக்காளி எல்லாம் சுலபம். ஏழாவது சொல் துயரம்.

"துயரம்னா இங்கிலீஷ்ல இன்னா?"

"சேட், கிரீஃப், மிசரி. இந்தக் கருவி வார்த்தை எடுக்கற பட்டியல்ல மூணுமே இருக்குக்கா."

"நீ எதப் பாத்துடா எழுதன?"

தெரியவில்லை. அமைதி என்ற சொல்லும் அப்படித்தான். இன்னும் ஒன்பது சொற்களும். மாலை வரை மாற்றி மாற்றிப் போட்டோம். ஒவ்வொரு முறையும் தவறு என்றது கருவி.

அக்கா திட்டவில்லை. பஸ் ஏறும்போது, "வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கணும். படிச்சவன்தானே, யோசிச்சுச் சொல்லு" என்றாள்.

முதலில் துக்கம் என்றுதான் எழுதியிருக்கிறேன். ஓசை பிடிக்காமல் அடித்துவிட்டுத் துயரம் என்று மாற்றியது நன்றாக நினைவிருக்கிறது. எந்த ஆங்கிலச் சொல்லுக்காக என்பது மட்டும் இல்லை.