பல்லியும் உன் பெயரும்

என் உயிரான அக்காவுக்கு,

நீ கண்மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். நானும் உன் மகள் விஜயாவும் இப்போது ஈப்போ பக்கம் லகாட்டில், ஒரு பலகை வீட்டில். பக்கத்திலேயே ஈயம் தோண்டிய பழைய குட்டை. சாயங்காலமானால் வானம் அதில் இறங்கிக் கிடக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், நீ ரப்பர் பால் வாளியோடு அந்தத் தண்ணீர்மேல் நடந்து வருவது போலிருக்கும்.

ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிறேன். அங்கே சைன்ஸ் டீச்சர் கண்ணாடிப் போத்தலில் ஒரு சின்னப் பல்லி வளர்க்கிறார். சுண்டுவிரல் நீளம்தான், முதுகில் கோணல்மாணலாகக் கோடுகள். தீவுகளில் இருக்கிற இனமாம். தனியாகத்தான் இருந்தது. ஒருநாள் பார்த்தால், கண்ணாடியில் ஒட்டியபடி இரண்டு முட்டை!

“ஆண் பல்லி எங்க டீச்சர்?”

“இந்தப் பல்லிக்கு ஆணே வேணாம்மா. தாய் தனியாவே முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கும்.”

துடைப்பத்தைப் பிடித்தபடி உன்னைத்தான் நினைத்தேன். கட்டிக்கொள்கிறேன் என்றவன், விஜயா உன் வயிற்றில் இருக்கும்போது சிங்கப்பூருக்குப் போனான். வரவே இல்லை. “அப்பன் பேரு என்னடி?” என்று லயத்து வீடுகளில் கேட்டவர்களுக்கு நீ வாயே திறக்கவில்லை. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் இறக்க மரம் வெட்டப் போனாய். எந்த மரத்தடியில் அழுதாய், அக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை பாரிட் புந்தாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஆமாம், விஜயாவுக்குக் கல்யாணம்! அழைப்பிதழ்ப் பேச்சு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, “அப்பா பேரு போடாம எப்படிலா? யாராச்சும் மாமா பேரையாவது போடுங்க. எங்காளுங்க கேப்பாங்க” என்றார்.

விஜயா தலையைக் குனிந்துகொண்டாள். இதிலேயே சம்பந்தம் முறிந்துவிடுமோ?

“பெத்து வளத்தது எங்கக்கா. அங்கம்மா மகள்னு போட்டாப் போதும்” என்றேன்.

அப்போது கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பல்லி கத்தியது. என்ன இனமோ, பார்க்கவில்லை. பல்லி கத்தினால் சொன்ன சொல் மெய்யென்று நம் ஆட்கள் விரலால் தட்டுவார்களே, அந்த அம்மாவின் விரலும் தன்பாட்டுக்கு மேசையை மூன்று தரம் தட்டிவிட்டது! தட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அவர் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “நீயே தட்டிட்ட, இனி என்ன பேச்சு? தேத்தண்ணி ஆறுது, குடிலா.”

அந்த அம்மா தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு விஜயாவைப் பார்த்தார். “சரி, அங்கம்மா மகள்னே போடுங்க. எழுத்து மட்டும் பெருசா இருக்கட்டும். எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது.”

அழைப்பிதழ் வந்துவிட்டது, அக்கா. உன் பெயர் மட்டும்தான். தாரை வார்க்க ஜோடியாக நிற்க வேண்டுமாம், யாரையாவது கூப்பிடுவோம் என்கிறார்கள். வேண்டாம். உன் இடத்தில் நான் தனியாக நிற்பேன். நானே தண்ணீர் ஊற்றுவேன்.

உன்னோடு பிறந்தவள்,
விஜயாவின் சின்னம்மா,
செல்லம்மா