தம்பிக்குத் தண்ணீர் கொண்டு ஓடியவள்

அக்டோபர் 8, செவ்வாய்

மழை. பள்ளிச் சமையலறையில் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு நேரே மைதானத்துக்குப் போனேன். தம்பி இயெஸ்டின் கூரை வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான். தலைமுடியெல்லாம் கற்பலகைத் தூள்.

பயிற்சி முடிந்ததும் கோச் ப்ரின் அவனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். நகரத்துப் பெரிய அணியில் ஒருவனுக்குக் கை முறிந்துவிட்டதாம். சனிக்கிழமை இரண்டு பேர் வந்து என் தம்பியைப் பார்க்கப் போகிறார்களாம். பிடித்தால் முழுச்சம்பள ரக்பி. கூரை ஏறவே வேண்டாம்.

அவனோடு அணியில் ஆடும் டுடுர் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே கத்தினான்: "நம்ம லீக் மாடிப்படி மாதிரி மாப்ள! ஏறுறவனையும் பாக்கலாம், இறங்குறவனையும் பாக்கலாம். யாரும் குடியிருக்க முடியாது. நீ ஏறு!"

தம்பிக்கு இருபத்தாறு வயது. இதற்குமேல் யார் கூப்பிடப் போகிறார்கள்? அவனுக்கும் அது தெரியும். வண்டியில் வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தான்.

அக்டோபர் 10, வியாழன்

அம்மா அவனுடைய விளையாட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். சேற்றில் புரளப்போகிற சட்டைக்கு!

அக்டோபர் 12, சனி

எழுதியே ஆகவேண்டும்.

முதல் பாதியில் அவன் ஆடியதைப் போல நான் பார்த்ததே இல்லை. பந்து எங்கே விழுந்தாலும் அங்கே இருந்தான். இரண்டாம் பாதியில் எதிரணியின் அந்தப் பெரிய ஆளைக் காலைக் கட்டிச் சாய்த்தான். அந்த ஆளின் முழங்கால் தம்பியின் தலையில் இடித்தது. தம்பி உடனே எழுந்துவிட்டான். கூட்டம் கைதட்டியது.

ஆட்டம் நின்றபோது தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். அது என் வேலை. குடித்தான். பார்வையாளர் பக்கம் பார்த்தான். பிறகு சாதாரணமாகக் கேட்டான்:

"அக்கா, அப்பா எங்க உக்காந்திருக்கார்?"

அப்பா இறந்து ஐந்து வருஷம் ஆகிறது.

"என்னடா கேக்குற?"

என் முகத்தைப் பார்த்துத்தான் அவனுக்கே உறைத்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "வாய் தவறிடுச்சு. யார்கிட்டயும் சொல்லாத. ப்ளீஸ்க்கா. இன்னும் கொஞ்ச நேரந்தான். அவங்க பாத்துட்டு இருக்காங்க."

ஆமாம், பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகரத்து அணியின் கோட்டு போட்ட இருவரும் முன்வரிசையில். எங்கள் அணி டாக்டர் ஹெவின் மைதானத்தின் மறுபக்கம் யாருடைய கணுக்காலுக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எதையும் கவனிக்கவில்லை. யாருமே கவனிக்கவில்லை. நான் மட்டும்தான்.

சுற்றிக்கொண்டு போய் அவரிடம் சொன்னேன்.

ஹெவின் கை காட்டினார். தம்பியை வெளியே எடுத்தார்கள். வரும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, ப்ரின்னைப் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தான்.

உடை மாற்றும் அறை வாசலில் கேட்டான்: "நீதான் சொன்னியா?"

"நான்தான்."

"சரி."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அக்டோபர் 15, செவ்வாய்

டாக்டர், அவன் மூன்று வாரம் ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நகரத்து அணி வேறொருவனை எடுத்துக்கொண்டது. ப்ரின் போனில் சொன்னார்: "நீ செஞ்சது சரிதான் நெரிஸ். ஆனா அவங்க யாருக்காகவும் காத்திருக்க மாட்டாங்கம்மா."

அக்டோபர் 20, ஞாயிறு

அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, புதினாச் சாறு. நான் உள்ளே நுழைந்ததும் இயெஸ்டின் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "ஆட்டம் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கக் கூடாதாடி?"

அதே தலையில் இன்னொரு அடி விழுந்திருந்தால் என்று சொல்ல வாயெடுத்தேன். விழவில்லையே. விழாத அடியை அம்மாவுக்கு எப்படிக் காட்டுவது?

நவம்பர் 7, வியாழன்

ஸ்கேனில் ஒன்றுமில்லையாம். தம்பியின் தலைக்குள் எந்தப் பாதிப்பும் இல்லையாம். அம்மா போனில் அழுதாள்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் — ஏதாவது தெரிந்திருந்தால் என் பக்கம் நியாயம் இருந்திருக்குமே என்று ஒரு நொடி தோன்றியது. சீ. என்ன பிறவி நான்?

டிசம்பர் 3, செவ்வாய்

அணியை விட்டுவிட்டான். மேலே, பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் இருக்கும் ஊர் அணியில் சேர்ந்திருக்கிறான். சம்பளம் கிடையாது, ஆட்டம் முடிந்தால் பீர் மட்டும். ஏன்டா என்று அம்மா கேட்டதற்கு, "அங்க டாக்டரும் இல்ல, அக்காவும் இல்ல" என்றானாம்.

பிப்ரவரி 8, சனி

அவன் புது அணியின் ஆட்டத்துக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். வேலிக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

விழுந்தான். கொஞ்ச நேரம் எழவில்லை. யாரோ வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றினார்கள். எழுந்தான், நின்றான், மறுபடி ஓடினான். கைதட்டினார்கள். நான் கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தேன். இறங்கி யாரிடம் சொல்வது?

திரும்பும் வழியில் சிப்ஸ் கடையில் டுடுர். விஷயத்தைச் சொன்னேன். வழக்கமான நக்கல் ஒன்றும் வரவில்லை. "அவன் குழந்தை இல்ல நெரிஸ். வீட்டுக்குப் போ" என்றான். சிப்ஸ் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். கூரைமேல் ஏறிவிட்டு இடுப்புக் கயிற்றை மாட்ட மறந்துவிட்டானாம். ஒருமுறை இல்லை. முதலாளி இப்போது வேன் மட்டும் ஓட்டச் சொல்லியிருக்கிறார். வீட்டில் சின்ன விஷயத்துக்கெல்லாம் கதவை உதைக்கிறானாம். வெளிச்சம் பட்டால் தலைவலியாம்.

"டாக்டர்கிட்ட போகச் சொன்னியா?"

"நானும் உன் பேச்சையே பேசுறேன்னு கத்துறான்டி."

ஆகஸ்ட் 30, சனி

புது சீசன். என்னால் பாட்டில் தூக்க முடியவில்லை. ப்ரின்னிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன். திரையில் அவன் பெயர். உடனே எடுத்தேன்.

"அக்கா."

"சொல்லுடா."

 பின்னால் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "பழைய சேப்பல் வாசல்ல வண்டிய நிறுத்தியிருக்கேன். ரொம்ப நேரமா. சிரிக்காத... நம்ம வீடு எங்க இருக்கு?"

சேப்பல் எங்கள் ஊர்ச் சின்னத் தேவாலயம்; அதன் வாசலில் நின்றால் அம்மா வீட்டுப் புகைபோக்கி தெரியும். அந்தப் படிகளில்தான் அவன் நடை பழகினான்.

"எஞ்சின அணை. சாவிய எடுத்துக் கையில வச்சுக்க. நான் வரேன்."

"போன வச்சிராதக்கா."

"வைக்கலடா. பேசிட்டே வரேன்."

வீட்டுச் செருப்போடே ஓடினேன். வழியெல்லாம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. பள்ளியில் இன்றைக்கு என்ன சமைத்தோம் என்று சொன்னேன் போலிருக்கிறது. கதவைத் திறந்தபோது போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தான். பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தான். நான் ஓட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை வீடு வர.

அக்டோபர் 17, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனையில் இயெஸ்டினின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து இரண்டடி போனான், நின்றான், திரும்பிப் பார்த்தான்.

"நீயும் வா. நான் ஏதாவது விட்டுட்டா நீ சொல்லு" என்றான்.