பின்லாந்துப் பெட்டி

பெருமுக்கல்

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் என் பேரப்பிள்ளையும் அந்தக் குளிரில் விறைத்துப்போகாமல் நலமாயிருக்க மலைமேல் இருக்கும் ஈஸ்வரன் பார்த்துக்கொள்வான். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவில்லை, நீயும் கிளம்பி வராதேம்மா, இங்கே எல்லாம் கவர்ன்மெண்டே பார்த்துக்கொள்ளும் என்று சொன்னாயே, அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா கேட்டதற்கு வெங்காயம் என்றேன், அன்றைக்குச் செய்தது வெறும் கேப்பைக் களி என்று அவருக்கும் தெரியும். அதோடு விட்டாயா, கவர்ன்மெண்டு கொடுத்த அட்டைப் பெட்டி, பிள்ளையை இதிலேயே படுக்க வைக்கலாம் என்று போட்டோ வேறு அனுப்பினாய். அதைத் திண்டிவனம் போகிற இலவச பஸ்ஸில் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளிடம் காட்டித் தொலைத்தேன். "ஒரு தொட்டிலுக்குக் கூடவா வழியில்ல, பொண்ணு சீமையில இன்னா பாடு பட்டுக்கினு கீதோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் தெருவே துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து போனது, ஒருத்தி தொட்டில் கயிறே கொண்டுவந்துவிட்டாள்.

நம்மூர் நர்ஸ் கவிதாதான் என் பேஜாரைத் தீர்த்தாள். அது இல்லாதவர்களுக்குப் போடும் பிச்சையில்லையாம், பிள்ளைக்கு வேண்டிய துணிமணி நிறைத்து, அங்கே கலெக்டர் பெண்டாட்டிக்கும் கூலிக்காரிக்கும் அதே பெட்டிதானாம். எனக்கு அது பிடித்திருக்கிறது. இங்கே டிராக்டர் இருக்கிறது என்று எனக்கு மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை இல்லை, லட்சுமியம்மாளுக்கு உண்டு, அதை அவள் சொல்லிக்காட்டாத நாளில்லை. ஆனாலும் நம்மூரை லேசாக நினைக்காதே, பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலையிலேயே சாப்பாடு. அங்கே சம்பளத்தில் வரியை வாரிக்கொண்டு போகிறார்களாமே, மல்லாட்டை மூட்டை விற்ற காசில் அப்படிப் பிடித்தால் மலை ஏறிக் குதித்துவிடுவேன் என்கிறார் அப்பா. மாப்பிள்ளைக்கும் பிள்ளை பார்க்க மாதக்கணக்கில் சம்பளத்தோடு லீவு என்றதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார். நீ பிறந்த மறுநாளே ஏர் ஓட்டப் போன மனுஷன்.

அவ்வளவும் கிடைக்கிற இடத்தை விட்டு நீ ஏன் வரப்போகிறாய், நியாயம்தான், இப்போது எனக்குக் கோபமில்லை. ஆனால் எனக்கென்று அங்கே என்ன மிச்சம் என்று அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டை, குல்லா, போர்வை எல்லாமே புதுசு. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் வாங்கக் கூடாதடி, கட்டிக் கட்டி மெத்தென்றான பழந்துணியில்தான் வாங்க வேண்டும், உன்னையும் அப்படித்தான் வாங்கினேன். எந்த கவர்ன்மெண்டும் பழசு கொடுக்காது. அதனால் அப்பாவின் வேட்டியைக் கொதிக்க வைத்து, துண்டாக்கி இதோடு வைத்திருக்கிறேன். முதலில் இதில் வாங்கு, அப்புறம் அவர்கள் பெட்டியில் போட்டுக்கொள்.

பனியில் பார்த்து நட. சுகப்பிரசவமாகித் தாயும் பிள்ளையுமாக நூறு வயது வாழுங்கள். இன்னொன்று, அந்தத் துணியைச் சோப்புப் போட்டு அலசிவிடாதே, நம் களத்து வெயிலில் காய்ந்தது, அது அங்கே கிடைக்காது.

உன் அம்மா
சின்னபொண்ணு