பாவுக்கும் வாசலுக்கும் நடுவே நான்கடி

ஜூலை 7, திங்கள்

மேகமூட்டம். காற்றில்லை. நெசவாளருக்கு உகந்த காலை; ஆறு மணிக்கே பட்டுப் பாவை, தறியேறப்போகும் நெடுக்கிழைகளை, தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிவிட்டார்கள். அதற்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே நான்கடி வழி. அந்த நான்கடிக்குள் மிளகு, நான்கு மாத நாய்க்குட்டி, என் இடது முழங்காலை ஒட்டி நடக்கப் பழக வேண்டும்.

எதிர்வீட்டுத் தயாளன், பாவுக்குப் பொறுப்பானவர், நேற்றே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சார், பாவுல கால் வச்சிதுன்னா இந்தத் தெருவுல அது இருக்கக் கூடாது." நியாயம்.

தம்பி தனசேகரன் (வீட்டின் மறுபாதி அவனுடையது): "நாலு போடு போட்டா நாளைக்கே நடக்கும். நீ இன்னாண்ணா, நாய்க்கு பாடம் படிச்சிக்கினு இருக்கே."



முறை:
– கயிறு தளர்வாக.
– முழங்காலருகே இருக்கும் நொடியிலேயே 'நல்லது' என்ற சொல், உடனே தீனி.
– இழுத்தால் அசையாமல் நிற்றல்.
– அடியும் அதட்டலும் அறவே இல்லை.

தீனிக்குக் கோழித்துண்டு உத்தமம் என்கிறார்கள். இவ்வீட்டில் முட்டை ஓடுகூட நுழையாது, தனசேகரன் சட்டம். ஆகவே வடித்த சோறு, மொச்சைக்கொட்டை அளவு உருண்டைகளாக.

ஜூலை 9, புதன்

இருபத்தாறு அடி, ஒருமுறைகூட இழுக்காமல். திங்களன்று ஆறு. பாவில்லாத நாள், தெரு முழுவதும் எங்களுக்கு. கல்லூரிக்குப் போகும் ஏனாத்தூர்ப் பேருந்து தவறியது. முதல் வகுப்புக்குத் தாமதம்.

தயாளன் மனைவி சரோஜா, கோலமிட்டபடி: "இன்னா சார், காலேஜ்ல புள்ளைங்க கேக்கலைன்னு இதுக்கு பாடம் எடுக்கறீங்களா?"

"இது கேட்கிறதம்மா."

"அப்ப மார்க்கு போடுங்க."

நடக்கும்போது நிமிர்ந்து என் முகத்தையே பார்க்கிறது. வீட்டில் வேறெவரும் என்னை அப்படிப் பார்ப்பதில்லை.

மறக்கலாகாது: கழுத்துப்பட்டை ஒரு துளை தளர்த்தல். இரண்டாம் தடுப்பூசி. மின்கட்டணம்.

ஜூலை 10, வியாழன்

தவறு என்னுடையது. வேறெவருடையதும் அன்று.

இன்று இழை விறைக்கப் பாவுக்குக் கஞ்சி தோய்த்தார்கள். அரிசிக் கஞ்சி. நாலு நாளாகச் சோற்றைப் பரிசாகக் கொடுத்து, அந்த வாசனையை நோக்கி நடப்பதே நற்செயல் என்று கற்பித்தவன் நான். இத்தெருவிலேயே பிறந்தவனுக்கு இது தோன்றவில்லை. மிளகு ஓடவில்லை, துள்ளவில்லை. தளர்ந்த கயிற்றோடு ஒழுங்காக நடந்துபோய்ப் பாவை நக்கியது. கால் சிக்கி, உதறியதில் ஏறக்குறைய நாற்பது இழை அறுந்தது.

தயாளன் சத்தம் போடவில்லை. "சோறு போட்டு வளக்கறீங்க, சோத்துக்குத்தானே வரும்," என்றார். இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து சேர்க்க மதியமாயிற்று. நான் கைகொடுக்கப் போனேன். "தொடாதீங்க சார்." கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு: "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல முடியாது."

ஜூலை 11, வெள்ளி

தீனி மாற்றம்: உப்பில்லா வறுத்த வேர்க்கடலை. காலையில் பதினெட்டு அடி. நம்பிக்கை உண்டு.

மாலை. கல்லூரியிலிருந்து திரும்பியபோது மிளகு கட்டிலடியில். கூப்பிட்டும் வரவில்லை. இடது பின்னங்கால் வீக்கம்.

தனசேகரன் தானே வந்து சொன்னான், பெருமையாக. கஞ்சியை உள்ளங்கையில் ஏந்தி அழைத்திருக்கிறான்; அது வந்து முகர்ந்தபோதெல்லாம் பிரம்பால் அடித்திருக்கிறான். மதியம் முழுவதும்.

"உன்னால ஒரு வாரமா ஆவலை. நான் ஒரே நாள்ல முடிச்சிட்டேன். கஞ்சிப் பக்கம் இனிமே தலை வச்சிப் படுக்காது."

அவனுக்கு வயது ஐம்பத்தொன்று. வெள்ளிதோறும் நெய்விளக்கு. பிரம்பை முற்றத்துக் கிணற்றில் போட்டேன்.

ஜூலை 12, சனி

கால்நடை மருத்துவர்: எலும்பு முறிவில்லை. நாளையே மெதுவாக நடக்கலாம்.

சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். பாவும் கஞ்சியும்.

மிளகு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை என் இடது முழங்காலை ஒட்டியே நடந்தது. கயிறு தளர்வு. பாவின் பக்கம் தலை திரும்பவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. வயிறு தரையில் உரசுமளவு தாழ்ந்து நடந்தது.

தயாளன் தலையசைத்தார். "சரியாயிடுச்சி சார். இருக்கட்டும். இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

குனிந்து, உள்ளங்கையில் கடலையோடு கை நீட்டினேன். மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, சிறுநீர் கழித்தது.

தூக்கிக்கொண்டு திரும்பினேன். தனசேகரன் வாசலில், வாயில் பல்துலக்கியோடு: "பாத்தியாண்ணா, தெருவுல இருக்கலாம்னுட்டாங்க. ஒரு தேங்ஸ் கூட இல்லியா?"

சட்டையைத் தாண்டி மார்புவரை ஈரம் வந்திருந்தது.